நத்தைக்கு விழுந்த கண்ணீர்க் கொட்டாவி

அடையாள அட்டையில் அவருடைய புகைப்படத்துக்குக் கீழே இரண்டே வரிகள்.

பதவி: படித்தவர்.
செல்லுபடி: மறு உத்தரவு வரை.

என்ன படித்தவர், எதுவரை படித்தவர் என்ற விவரமெல்லாம் இல்லை. அவர் ஒரு நாவலைப் படித்தவர். அவ்வளவுதான். ஏழு மாடிப் படக் கம்பெனியில் அந்தத் தகுதி வேறு ஒருவருக்கும் இல்லாததால், ஐந்தாம் மாடியில் அவருக்கு ஒரு சுழல் நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் தினம் ஒரு தண்ணீர் பாட்டில்.

நாவலின் பெயர் 'விளக்குக்காரி'. ஐந்து பாகம், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஓர் ஊரின் குரல்களையெல்லாம் ஒரு ராணி திருடிக்கொண்டு போய்விடுகிறாள். தெருவிளக்கு ஏற்றுகிற ஐம்பத்து மூன்று வயதுப் பெண், மூட்டுவலியோடு, மூன்று மாடி உயர நத்தை ஒன்றின் முதுகில் ஏறிக் குரல்களை மீட்கக் கிளம்புகிறாள். வழி முழுக்க உப்புப் பாலைவனம். நத்தைக்கு உப்பு ஆகாது என்பது உலகத்துக்கே தெரியும். ஆகவே முதல் பக்கத்திலிருந்தே படிக்கிறவர்கள் நத்தைக்காகக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நத்தை ஒரு நாளைக்கு ஒரு மைல் போகும். ராணியின் ஆட்கள் குதிரையில் துரத்துவார்கள். வருகிற வேகத்தில் ஒவ்வொரு முறையும் நத்தையைத் தாண்டிப் போய்விடுவார்கள். மூன்று தலைமுறை இதைப் படித்துச் சிரித்தது, அழுதது, இரவல் வாங்கித் திருப்பித் தராமல் இருந்தது.

படக் கம்பெனி முதலாளி இந்த நாவலின் உரிமையை வாங்கினார். ஊரெங்கும் போஸ்டர் ஒட்டினார். போஸ்டர் ஒட்டிய மறுநாள்தான் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், செத்துப்போன எழுத்தாளர் நிபந்தனை வடிவில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். கதை பேசுகிற அறையில், நாவலை முழுதாகப் படித்த ஒருவராவது எப்போதும் இருக்க வேண்டும். படப்பிடிப்புக்கு முன், முழுதாகப் படித்த ஒருவர் 'இது அந்தக் கதைதான்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். குறித்த வருடம், குறித்த மாதம், பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அது நடக்காவிட்டால் உரிமை ரத்து.

கம்பெனியில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். "படிச்சவங்க கை தூக்குங்க" என்றதும் அறுபது கைகள் உயர்ந்தன. கம்பெனியின் வக்கீலம்மா நிதானமான பெண்மணி. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நத்தை என்ன நிறம்?"

வெள்ளை என்றார்கள். தங்க நிறம் என்றார்கள். ஹீரோவுக்கு எது பிடிக்குமோ அது என்றார் ஒருவர். அறுபது கைகளும் இறங்கின.

அப்புறம்தான் விளம்பரம் கொடுத்து இவரைப் பிடித்தார்கள். இவர் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். 'விளக்குக்காரி'யின் ஆறு பதிப்புகளுக்கும் பிழை பார்த்தவர். பதிப்பகம் இப்போது பள்ளிக்கூட டைரி மட்டும்தான் போடுகிறது. டைரியின் விடுமுறைப் பட்டியலில் பிழை பார்த்துப் பார்த்து மனிதர் நொந்துபோயிருந்தார்.

அதே கேள்வி.

"நிறமே சொல்லலைங்க" என்றார் இவர். "மூணாவது பாகத்துல, 'என்ன நிறம் என்று பார்க்க அவளுக்கு நேரம் வாய்க்கவே இல்லை'ன்னு ஒரு வரி வரும். முதல் பதிப்புல அந்த 'வாய்க்கவே'யில ஒரு துணைக்கால் விழுந்துபோச்சு. திருத்தினது நான்தான்."

வக்கீலம்மா எழுந்து நின்று கை குலுக்கினார்.

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே தொண்டை கட்டிப்போகிற உத்தியோகம். நாவலை நான்கு முறை படித்தவர். கல்யாணத்துக்கே அதுதான் காரணம்.

"அன்னைக்கு நாலாம் பாகம் மட்டும் வேற யார் கையிலயாவது இருந்திருந்தா, நான் வேற ஆளைக் கட்டியிருப்பேன்" என்பார் அடிக்கடி. இப்போதும் சொன்னார். கூடவே ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஏங்க, ஹீரோ யாரு, பாட்டு எத்தனை, எனக்கு எதுவும் வேணாம். அந்த நத்தை மேல கை வெச்சாங்கன்னா மட்டும் அந்தப் படத்துல உங்க பேரு இருக்கக் கூடாது. இருந்துச்சு, வீட்டுச் சாவியை வேற எங்கயாவது தேடிக்கோங்க."

"நான் இருக்கேன்ல?" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த நெஞ்சு ஐந்தாம் மாடிக்குப் போனது.

கதை அறையில் கதைத்துறைத் தலைவர் காத்திருந்தார். ஏசி அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி.

"வாங்க படிச்சவரே. நான் புத்தகம் படிக்கிறதில்ல. சின்ன வயசுல ஒண்ணு படிச்சேன், ரெண்டு நாள் என் கற்பனை வேலை செய்யல. அன்னைக்கு விட்டவன்தான். நீங்க கதையை வாயால சொல்லுங்க, நாங்க கேக்குறோம். கேட்டாத்தான் கதை. படிச்சா அது பரீட்சை."

"யாரு கேப்பாங்க சார்?"

"இவர்." எதிர் நாற்காலியைக் காட்டினார். "ரசிகர் பிரதிநிதி. நாட்டு ஜனங்க அத்தனை பேரும் இவருக்குள்ள இருக்காங்க."

அத்தனை ஜனத்தையும் உள்ளே வைத்திருந்தவர் ஒல்லியாக, சிவந்த கண்களோடு, முப்பது வயதுக்காரராக இருந்தார். சட்டைத் தோளில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

தலைவர் நீல அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்றைத் திறந்தார். நேரம், காட்சி, கொட்டாவி வகை, நடவடிக்கை என்று நான்கு பத்திகள்.

"இதுதான் நம்ம முறை. நீங்க கதை சொல்லுவீங்க, இவர் கேப்பார். எங்க கொட்டாவி விடுறாரோ அங்க நான் குறிச்சுக்குவேன். அரைக் கொட்டாவின்னா காட்சி பாதியாகும். முழுக் கொட்டாவின்னா காட்சியே போகும். கண்ணுல தண்ணி வர்ற மாதிரி விட்டார்னா, அந்தக் காட்சியில வர்ற கதாபாத்திரமே போயிடும். பதினோரு படம் இப்படிப் பண்ணியிருக்கோம்."

"எல்லாம் ஓடுச்சா சார்?"

"ஓடுறது ஜனங்க கையில. விஞ்ஞானம் நம்ம கையில."

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அந்தி நேரம், ஆளில்லாத தெரு, முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் விளக்குக் கம்பத்தில் ஏறுகிறாள். மணி பத்து பத்துக்கு ரசிகர் பிரதிநிதி வாயைத் திறந்தார். அரைக் கொட்டாவி. பாதிக் கம்பம் போயிற்று. பத்து நாற்பதுக்கு ஊர் குரலை இழக்கிற காட்சி. ஒரு தாய் தொட்டிலுக்கு மேல் குனிந்து பாட வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. இந்த இடத்தில் நாவலைப் படிக்கிறவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். ரசிகர் பிரதிநிதி, தாடை கழன்றுவிடுமோ என்று பயப்படும்படி ஒரு முழுக் கொட்டாவி விட்டார்.

தலைவரின் பேனா பாய்ந்தது.

"சார், ஊர் குரலை இழக்கலைன்னா, அவ எதை மீட்கப் போறா?"

"அதை இடைவேளைக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரு வாரத்தில் முதல் பாகம் முழுவதும் சுத்தமானது. விளக்குக்காரியின் வயது ஐம்பத்து மூன்றிலிருந்து இருபத்திரண்டாயிற்று.

"மூட்டுவலி சார்?"

"மூட்டுவலி இருக்கட்டும். டான்ஸ் ஆடும்போது வந்ததுன்னு வெச்சுக்குவோம்."

இரண்டாம் வாரம் முதலாளியே கதை கேட்பதாகச் சொல்லி அனுப்பினார். ஏழாம் மாடி முழுக்க அவர் அறைதான். முதலாளி உட்கார்ந்து கதை கேட்பதில்லை. ஓட்டப்பயிற்சி மெஷினின் மேல் ஓடிக்கொண்டேதான் கேட்பார். கதை அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் கதையைத் தாண்டிப் போய்விடுவார்.

"நத்தை... என்ன... வேகம்?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு நாளைக்கு ஒரு மைல் சார்."

முதலாளி மெஷினின் பொத்தான்களைக் குனிந்து பார்த்தார். "இதுல அந்த நம்பரே இல்லையே?"

"கதையோட உயிரே அதுதான் சார். மெதுவா போறதாலதான் துரத்துறவங்க தாண்டிப் போயிடுறாங்க."

"அது புத்தகத்துல. புத்தகம் பாட்டுக்கு அலமாரியில கெடக்கும், அதுக்கு வேற வேலை இல்ல. எனக்கு அப்படியா? ரெண்டரை மணி நேரத்துல ஜனங்களை உள்ள விட்டு வெளிய அனுப்பணும். நத்தையை ஓட விடு."

ஓட வேண்டுமென்றால் கால் வேண்டும். கிராஃபிக்ஸ் பிரிவில் நத்தைக்கு நாலு கால் வைத்துப் பார்த்தார்கள். கம்பீரம் போதவில்லை என்று ஆறு வைத்தார்கள்.

அன்று மாலை மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். "எப்படி இருக்கு?"

"யாரு?"

"நத்தைதான்."

"ம்... வளர்ந்துக்கிட்டு வருது."

"எங்க வளருது?"

"கீழ்ப்பக்கமா."

கத்தி நின்றது. "கால் வெச்சுட்டாங்களா?"

இவர் தண்ணீர் குடிக்கப் போனார். பதில் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாளே முதலாளி அதைப் பார்த்துவிட்டு, கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறது, குடும்பத்தோடு வருகிறவர்கள் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார். நத்தை குதிரையாயிற்று. ராணியின் ஆட்களும் குதிரை, விளக்குக்காரியும் குதிரை என்றானதும் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று கதை அறையிலேயே இரண்டு நாள் குழப்பம். எனவே குதிரை மோட்டார் சைக்கிளாயிற்று. நாவலுக்கு மரியாதை செய்கிற விதமாக, பெட்ரோல் டேங்கில் 'நத்தை' என்று எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

அந்த எழுத்தாவது மிஞ்சும் என்றுதான் இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. நத்தை முதன்முதலாகத் தூங்குகிற அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெண்ணிலா, வெள்ளை உப்பு, நத்தை மெல்ல ஓட்டுக்குள் போகிறது, அதன் மூச்சில் மேலே படுத்திருக்கும் விளக்குக்காரி ஏறி இறங்குகிறாள். இந்த ஒரு அத்தியாயத்துக்காவது மனிதர் அசைவார் என்று இவர் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

ரசிகர் பிரதிநிதி கொட்டாவி விட்டார். அது முடிந்த இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டது. இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர்.

தலைவர் மணியைப் பார்த்தார். எழுதினார். மை காய ஊதினார்.

பாத்திரம்: நத்தை. வகை: கண்ணீர்க் கொட்டாவி. நடவடிக்கை: நீக்கம்.

பெட்ரோல் டேங்கையும் அழித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் இவர் லிஃப்டுக்குள் போனபோது, ரசிகர் பிரதிநிதி மூலையில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கதவு திறக்கிற சத்தத்தில் திடுக்கிட்டு, தோளில் யாரையோ தட்டிக்கொடுப்பதுபோல் தன் தோளையே தட்டிக்கொண்டார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லண்ணே. வீட்ல ரெட்டைப் பசங்க, ஏழு மாசம். ஒண்ணு தூங்குனா ஒண்ணு எழுந்துக்கும். ஷிப்ட் போட்டு அழுதுங்க. நான் கண்ணை மூடி ஏழு மாசம் ஆச்சு."

இவருக்குச் சுரீர் என்றது. "அப்போ உள்ள விட்ட கொட்டாவியெல்லாம்?"

"எது கதைக்கு விட்டது, எது வீட்டுக்கு விட்டதுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலண்ணே." லிஃப்டில் வேறு யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ரசிகர் பிரதிநிதிக்குச் சொந்த வாழ்க்கை இருக்கக் கூடாதுன்னு விதி."

"தம்பி, மூணு மாடி நத்தை போச்சு."

அவர் அதற்கும் ஒரு கொட்டாவி விட்டார். பிறகு, "சரிண்ணே, சொல்லிக்கோங்க" என்றார்.

இவர் நேரே தலைவரிடம் ஓடினார். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னார். தலைவர் முதன்முதலாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே சாதாரணக் கண்கள்தான் இருந்தன.

"ஏன், மத்த ரசிகர்கள் வீட்ல குழந்தை இல்லையா?"

"சார், அவர் தூக்கத்துக்குக் கொட்டாவி விட்டிருக்கார். கதைக்கு இல்ல."

"கொட்டாவிக்குக் காரணம் எழுத நம்ம பதிவேட்டுல பத்தி இருக்கா? இல்ல. ஏன் இல்ல? காரணம் கேக்க ஆரம்பிச்சா விஞ்ஞானம் நின்னுடும். இன்னொண்ணு யோசிங்க. இந்த ஒரு கொட்டாவியை நான் வாபஸ் வாங்கினா, அந்தப் பதினோரு படத்தோட கொட்டாவியையும் வாபஸ் வாங்கணும். அந்தப் படமெல்லாம் பாவம் இல்லையா?"

இடைவேளை முடிந்ததும் இவர் மீதிக் கதையைச் சொல்லப் போனார்.

திரைக்கதை தயாரானது. தொண்ணூற்றாறு பக்கம். கையெழுத்து விழா ஏழாம் மாடியில். மேஜைமேல் புதுப் பேனா, ஸ்டாம்ப் பேட், பூங்கொத்து. வக்கீலம்மா, தலைவர், மெஷினில் மெதுநடையில் முதலாளி. இவர் உட்கார்ந்து தொண்ணூற்றாறு பக்கத்தையும் படித்தார். விளக்குக்காரி நடனக்காரியாகியிருந்தாள். ராணி ஒரு செல்ஃபோன் கம்பெனி வைத்திருந்தாள். உப்புப் பாலைவனத்தில் விமான நிலையம் வந்திருந்தது. நாவலில் இல்லாத ஒரு ஹீரோ முதல் காட்சியிலேயே கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கினான். நாவலிலிருந்து மிஞ்சியது இரண்டாம் பக்கத்துத் தெருவிளக்கு ஒன்றுதான். அதுவும் அணைந்திருந்தது.

"போடுங்க" என்றார் முதலாளி. "'இது அந்தக் கதைதான்'னு ஒரு வரி, கீழ கையெழுத்து. உங்க பேரு திரையில தனியா வரும். கொட்டை எழுத்துல."

"அதுதான் சார் பயம்."

"என்ன பயம்?"

"ஆறு பதிப்புக்குப் பிழை பார்த்திருக்கேன் சார். ஒரு கால் விழுந்தாலே எனக்குச் சோறு இறங்காது. இதுல நத்தையே விழுந்திருக்கு." பேனாவை மூடி, பூங்கொத்தின் மேல் வைத்தார். "என்னால முடியாது."

ஏழாம் மாடியில் மெஷின் நின்றது.

முதலாளி கத்தினார். தலைவர் முதலாளி கத்தியதையே திருப்பிக் கத்தினார். இவர் கை பேனாப் பக்கம் போகவில்லை. கடைசியில் வக்கீலம்மா ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இவர்தான் போடணும்னு இல்ல சார். முழுசாப் படிச்ச யார் வேணா போடலாம். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கு."

"அவ்வளவுதானே? எவனாவது படிச்சுத் தொலைங்கடா!"

ரசிகர் பிரதிநிதி கை தூக்கினார். "எப்படியும் முழிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கேன். பசங்களை மடியில போட்டுக்கிட்டு நான் படிக்கிறேன்."

பத்தொன்பதாம் நாள் அவர் முடித்தார். வக்கீலம்மாவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். படித்தவர் என்று சான்று கிடைத்தது. அரை மணி நேரத்தில் இவருடைய அடையாள அட்டையைப் பிடுங்கி, தண்ணீர் பாட்டிலோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். மறு உத்தரவு வந்துவிட்டதாம்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தார். இவர் கழுத்தைப் பார்த்தார். அட்டை இல்லை.

"வேலை போச்சா?"

"போச்சு."

"கையெழுத்து?"

"போடல."

"உள்ள வாங்க, சாப்பிடலாம்."

மறுநாள் காலையிலேயே ரசிகர் பிரதிநிதியிடமிருந்து போன்.

"அண்ணே, நானும் போடல."

இவர் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "ஏன் தம்பி?"

"அந்த நத்தை தூங்குற அத்தியாயம் இருக்குல்ல? அன்னைக்கு நீங்க சொன்னீங்களே. அதைச் சத்தமாப் படிச்சேண்ணே. பசங்க ரெண்டும் ஒரே நேரத்துல தூங்கிடுச்சுங்க. ஏழு மாசத்துல முதல் தடவை. என் சம்சாரம் வந்து மூச்சு இருக்கான்னு தொட்டுப் பார்த்தா. அந்த நத்தையைத் தூக்கிட்டு இது அந்தக் கதைதான்னு எழுதச் சொல்றாங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் வீட்டுக்குப் போவேன்?"

இப்போது முழுதாகப் படித்த மூன்றாவது ஆளுக்குத் தேடல். ஒளிப்பதிவுக் கூடத்தின் லைட் பிரிவுத் தலைவர் முரட்டு ஆள், கதை கிதையெல்லாம் ஒட்டாது என்று அவரைப் பிடித்து ஓர் அறைக்குள் வைத்துப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வெளியே வந்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா லைட் தூக்குறேன்" என்றார். "திரி நறுக்குறதைப் பத்திப் பத்துப் பக்கம் எழுதியிருக்கான் மனுஷன். ஒரு வரி தப்பு இல்ல. அம்பத்து மூணு வயசுல, முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கம்பம் ஏறுறாங்க அந்தம்மா. அவங்க இடத்துல டான்ஸ் ஆடுற பொண்ணா? போடா!"

இந்தப் 'போடா' கதைத்துறைத் தலைவருக்கு.

அடுத்து எடிட்டர். அடுத்து உடை வடிவமைப்பாளர். நேரம் போகிறதே என்று ஒரே சமயத்தில் ஒன்பது பேரைப் படிக்கச் சொன்னார்கள். ஒன்பது பேரும் படித்தார்கள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். படிக்காதவர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள், போட முடியாது. படித்தவர்களால் போட முடியும், போடத் தயாராக இல்லை.

தலைவர் ஒரு குறுக்கு வழி பார்த்தார். உதவியாளரைப் படிக்க வைத்து, கதைச் சுருக்கத்தைக் காரில் வரும்போது கேட்டுக்கொண்டு, வக்கீலம்மா முன் உட்கார்ந்தார். வக்கீலம்மா அதே பழைய கேள்வியைத்தான் கேட்டார். தலைவர் யோசிக்கவே இல்லை.

"பச்சை."

அன்றோடு முதலாளி ஓர் உத்தரவு போட்டார். கம்பெனி வளாகத்துக்குள் 'விளக்குக்காரி' நாவலைக் கொண்டுவரக் கூடாது, படிக்கக் கூடாது, பேசக் கூடாது. அதற்கப்புறம்தான் நிலைமை கை மீறியது. கழிவறை வாசலில் வரிசை நின்றது. உள்ளே போனவர்கள் ஒரு அத்தியாயம் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். கணக்குப் பிரிவில் ஒரு பெண் தடிமனான பதிவேட்டை விரித்துவைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். வரவு செலவுதான் அப்படி இருக்கிறதோ என்று மேலாளர் பயந்துபோய் எட்டிப் பார்த்தால், உள்ளே நாலாம் பாகம். "முடிச்சதும் எனக்கு" என்று மட்டும் கேட்டாராம்.

எல்லாம் ரசிகர் பிரதிநிதி தினமும் போனில் சொன்னதுதான். இவர் சிரித்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். ஆறாம் தேதி வந்த போனுக்கு மட்டும் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, முதலாளியே படிக்கிறார்."

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுவைத்துப் பேசினாராம். "நீங்கல்லாம் மெழுகு. சூடு பட்டா உருகிடுவீங்க. நான் அப்படி இல்ல. முப்பது வருஷமா என் படத்துக்கு வர்ற விமர்சனத்தைப் படிக்கிறேன். ஒரு நாளாவது மாறியிருக்கேனா? ஒரு நாளைக்கு நூத்திருபது பக்கம். பன்னெண்டு நாள். பதினேழாம் தேதி படிச்சு முடிப்பேன், பதினெட்டாம் தேதி கையெழுத்துப் போடுவேன்."

அவர் போடுகிற ஆள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதை நீட்டினாலும் போட்டுத்தான் அந்த ஏழு மாடியைக் கட்டினார்.

"போட்டுடுவாரா?" என்றார் மனைவி.

"போட்டுடுவார்" என்றார் இவர். வேலை போன அன்று இறங்கிய சோறு, அன்று இறங்கவில்லை.

ஏழாம் தேதி, முதலாளி மெஷினில் ஓடிக்கொண்டே படிக்கிறார் என்று செய்தி. ஒன்பதாம் தேதி, நடந்துகொண்டே படிக்கிறார். பதினோராம் தேதி, நின்றுபோன மெஷினின் மேல் நின்றபடி படிக்கிறார். பதிமூன்றாம் தேதி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார், சாப்பாடு அங்கேயே போகிறது. அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டார். பதினேழாம் தேதி இரவு வரை உள்ளிருந்து சத்தமே இல்லை.

"எந்தப் பக்கத்துல இருக்கார்னு தெரியலண்ணே. வக்கீலம்மா ஸ்டாம்ப் பேடோட வாசல்ல உட்கார்ந்திருக்காங்க. தலைவர் பூங்கொத்து வாங்கிட்டு வந்துட்டார்."

பதினெட்டாம் தேதி மனைவி வகுப்புகளை ரத்து செய்துவிட்டார். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை தேடித் தேடிச் செய்தார்கள். இவர் ஏற்கெனவே துவைத்த துணியை மறுபடி துவைத்தார். மூன்று மணி. நான்கு மணி. நாலரைக்கு இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கடிகாரம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

போன் அடித்தது.

மனைவி சுவரைப் பார்த்தார். ஐந்து பத்து. நடந்தது நடந்துவிட்டது, எதுவென்றாலும் இப்போது தெரிந்துவிடும். எடுத்தார்.

"ஹலோ... படிச்சவர் இருக்காரா?" கரகரத்த குரல். ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி இருந்தது.

"துணி காயப் போடுறார். நான் அவரோட சம்சாரம். சொல்லுங்க."

"ஏழாம் மாடியில இருந்து பேசுறேன்மா."

மனைவியின் பிடி இறுகியது. "சொல்லுங்க சார். கையெழுத்து..."

"கையெழுத்தா? எந்தக் கையெழுத்து?" அந்தக் குரலுக்கு நிஜமாகவே ஒன்றும் நினைவில்லை. "அது இருக்கட்டும்மா. நீங்க இந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கீங்களா?"

"நாலு தடவை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு குரல் ரகசியம்போலத் தாழ்ந்தது.

"ஆயிரத்து இருநூத்தி எட்டாம் பக்கத்துல இருக்கேன். ரெண்டு நாளா ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல போக மனசு வரல. உப்புக் காத்து அடிக்குது. நத்தை ஓட்டுக்குள்ள போயிடுச்சு. அந்தம்மா வெளிய நின்னு தட்டுறாங்க, தட்டுறாங்க, அது வெளியவே வரல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஒரே ஒரு விஷயம் சொல்லிடுங்கம்மா. அது செத்துடுமா?"

அடுத்த பக்கத்தில் என்ன வருகிறது என்று மனைவிக்கு வரிக்கு வரி தெரியும்.

"மெதுவாப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

காலி வாளியோடு இவர் படியிறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போன் சத்தம் கேட்டுச்சே. யாரு?"

"யாரோ வாசகர்" என்றார் மனைவி.